சாவில்லா நாட்கள்

ஏழாம் எண் கூண்டில் எலி மல்லாந்து கிடந்தது. திருமலை விரலால் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்துவிட்டது. அப்புறம் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தான். 'இந்த அறையில் சாவில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே எண்கள் மாட்டியிருந்தன.

ஓசூர் தொழிற்பேட்டையில் கம்பெனி வாசல்தோறும் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை இருக்கும். இந்த ஆய்வகத்து மேலாளர் மோகன்குமார் பிஸ்டன் கம்பெனியில் காலம் தள்ளியவர். வந்த வாரமே கிழட்டு எலிகளின் அறைக்கும் ஒரு பலகை மாட்டினார். யார் ஷிப்டில் அது பூஜ்யமாகிறதோ அவருக்கு வேலை இல்லை என்றார். எலிக்கு ஆயுளே இரண்டு மூன்று வருஷம்தான் என்று அங்கே முதுமையை ஆராயும் டாக்டர் ஜெயப்ரியா சொல்லிப் பார்த்தார்.

"பிஸ்டனும்தான் தேயுது மேடம். நாங்க மெயின்டெயின் பண்ணலயா?" என்றார் மோகன்குமார்.

திருமலைக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் மேகலாவைக் கட்டிக்கொடுப்பேன் என்று குருபரப்பள்ளியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அந்த அறையில் ஏழு ஒன்றுதான் சீக்காளி. மற்றவை சக்கரத்தில் ஓடித் தீர்க்கும். இது மூலையில் கிடந்து மூச்சு வாங்கும். பாவப்பட்டு, தன் ஊர் வேப்பனப்பள்ளியிலிருந்து வேர்க்கடலைகூடக் கொண்டுவந்து ஊட்டியிருந்தான். பலன் மல்லாந்து கிடந்தது.

பக்கத்து அறையில் இளம் எலிகள். அங்கே குட்டிக்குப் பஞ்சமில்லை, பலகையும் இல்லை. திருமலை ஒன்றைப் பிடித்து வந்தான். செத்ததன் காதிலிருந்த எண் வளையத்தைக் கழற்றி அதன் காதில் மாட்டினான். வெள்ளை எலிக்கு வெள்ளை எலி. செத்தது மதியம் மாமரத்தடிக்குப் போனது.

புதிய ஏழு அன்றைக்கே சக்கரத்தைச் சுழற்றியது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எலி ஒரே நாளில் இப்படி ஓடினால் யாராவது கேட்பார்களே. சக்கரத்தில் குச்சியைச் செருகினான். எலி கூண்டுக் கம்பியில் ஏறித் தொங்கியது. சரி, உடம்பு கனத்தால் அடங்கும் என்று களியும் வெல்லமும் கடலையும் மாற்றி மாற்றி வைத்தான். மூன்றே வாரத்தில் அது பூசணிக்காய் மாதிரி ஆகி, மூலையில் உட்கார்ந்தது. திருமலை நிம்மதியாக மூச்சுவிட்டான்.

இதயச் சோதனை தொடங்கும் நாள் வந்தது. ஜெயப்ரியா கூண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கறதிலேயே வயசானது இதுதான் போலிருக்கு. ஏழுல ஆரம்பிக்கலாம்" என்றார்.

மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தார். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எலிகளையும் கொண்டுவரச் சொன்னார். மாலையில் திருமலையைக் கூப்பிட்டார்.

"வயசானா இதயத் தசை விறைச்சுப் போகும், திருமலை. அதுல ஸ்பிரிங் மாதிரி ஒரு புரதம் இருக்கு. அது இறுகிடும். சுருங்கின இதயம் சட்டுனு விரியாது. கொழுப்பை எரிச்சு ஓடின இதயம் சர்க்கரைக்கு மாறும். சக்தி பத்தாம திணறும். படிச்சதெல்லாம் இதுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க ஒரு எலிக்கும் அப்படி இல்ல. எல்லாம் வாலிப இதயம். நீ என்ன போட்ட?"

"கொஞ்சம் களி, மேடம்."

மறுநாளே பெங்களூரிலிருந்து பெரிய விஞ்ஞானிகள் வருவதாக ஏற்பாடானது. களி கிண்டும் முறையைத் திருமலையே அவர்களுக்கு விளக்க வேண்டும். மோகன்குமார் அவன் தோளில் தட்டி, நிரந்தர உத்தரவு தயார் என்றார். பலகைக்கும் ஒரு மாலை வாங்கச் சொன்னார்.

திருமலை மாற்றியது ஒன்றைத்தான். மற்ற எலிகள் எப்படி வாலிபமாயின? களியை அவை மோந்துகூடப் பார்த்ததில்லை. பாவம், அந்தம்மா நாளைக்கு உலகத்துக்கே சொல்லப்போகிறார். வேலையும் மேகலாவும் போனால் போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

ஜெயப்ரியாவின் அறைக்குப் போகும் வழியில், கூண்டு கழுவும் இடத்தில் மாலை ஷிப்ட் ஃபகருன்னிசா நின்றிருந்தாள். ஒத்திகை மாதிரி அவளிடம் முதலில் சொன்னான். ஏழு செத்ததையும் தான் வேறொன்றை வைத்ததையும் சொல்லி முடித்தான்.

ஃபகருன்னிசா குழாயை மூடினாள். நனைந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு போயிருச்சாப்பா? மத்ததயெல்லாம் நாங்க எப்பவோ மாத்திட்டோம். அந்த ரூம்ல மிச்சமிருந்த ஒரே கெழவன் அவன்தானே."