நூல் தெரியும் ராக்கெட்

பழைய சீரியல் பக்தர் என்றொரு இனம் நம் ஊரில் உண்டு. பார்க்க உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். நெற்றியில் விபூதி, முகத்தில் சிரிப்பு. "வாங்களேன், ஒரு காப்பி சாப்பிட்டுப் போகலாம்" என்பார். போய்விடாதீர்கள்.

நான் போனேன். எங்கள் தி.நகர் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சி வீட்டுக்கு. காப்பி வருமுன்பே டி.வி.யில் 'சனிக் கிரகத்தில் சந்திப்போம்' ஓட ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது வந்த விண்வெளித் தொடராம். மறுபடி போட்டபோது வீடியோ கேசட்டில் பிடித்து, கேசட்டில் பூஞ்சை பூத்ததும் பென் டிரைவுக்கு மாற்றி, அதைச் சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சனி பகவானை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று அவர் மனைவி புஷ்பம் அக்கா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அந்த ராக்கெட்டுக்கு நாலு சக்கரம். கிளம்புமுன் கேப்டன் அதற்குச் சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, "முருகா" என்று ஏறி உட்காருவார்; அது மேலே போகும்போது அதைத் தூக்கிச் செல்லும் நூல் பளிச்சென்று தெரியும்; பின்னால் நட்சத்திரமெல்லாம் ஃபேன் காற்றில் ஆடும்; போய் இறங்குகிற சனிக் கிரகமோ, சுருக்கம் விழுந்த போர்வை. எலுமிச்சம்பழம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அதுவாவது முறைப்படி செய்திருந்தார்கள்.

"ரொம்ப மட்டமாத்தான் எடுத்திருப்பான், எதிர்பாக்காதீங்க" என்று அவரே முதலில் சொல்வார். நீங்கள் ஆமாம் என்றால் தொலைந்தீர்கள். அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. உங்கள் முகத்தைப் பார்ப்பார். வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்லிவிடுவார். சிரிக்கவும் அவர் உத்தரவு வேண்டும். "இப்ப சிரிக்காதீங்க, நூல் இனிமேத்தான் வருது!" நூல் வரும். இருவருக்கும் கண் கலங்கும். அவருக்குப் பரவசம். எனக்குக் கொட்டாவி.

இப்படிப்பட்டவர் மகளை ஒருவன் காதலித்தால் என்ன ஆவான்? அண்ணாச்சி மகள் கீர்த்தியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் அடையாறு பையன் பாலகணேஷ். சினிமாவில் கிராபிக்ஸ் வேலை. அண்ணாச்சியோ சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனதைக் குளிர வைக்கப் பையன் என்ன செய்தான் தெரியுமா? கீர்த்தியிடம் பென் டிரைவை வாங்கிப் போய், வாரக் கணக்கில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் தொடர் முழுவதையும் துடைத்துப் புதுசாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போட்டான். நானும் இருந்தேன்.

ராக்கெட் கிளம்பியது. நூல் இல்லை. நட்சத்திரம் ஆடவில்லை. சனிக் கிரகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "நூல் எங்க?"

"எடுத்துட்டேன் அங்கிள். இப்ப நிஜமாவே பறக்குது பாருங்க."

"யாருய்யா உன்ன நிஜமா பறக்கவிடச் சொன்னது? கபாலி தேருக்கு வடத்த மறைச்சு வச்சா இழுக்கோம்? புஷ்பம், தம்பிய அனுப்பி வை. நம்ம குடும்பத்துக்கு ஒத்து வராது."

"அப்பா! ஒரு நூலுக்காகவா?" என்று கீர்த்தி அழுதாள்.

"நூலா? உசுருட்டி அது!"

"சனியன இத்தன வருஷம் வீட்ல வச்சிருந்தா, ஒரு நாள் புடிக்கத்தான செய்யும்?" என்றார் புஷ்பம் அக்கா.

"பழசும் அப்படியே இருக்கு அங்கிள், அழிக்கல" என்று பையன் வேர்த்துக் கொட்ட அதைப் போட்டான். நூல் வந்தது. அண்ணாச்சிக்கு மூச்சும் வந்தது. ஆனாலும் வாசலைத்தான் பார்த்தார். பையன் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே முனகினான்: "சனி ராஜாவோட டீ கிளாஸ்லயாவது கை வைக்காம விட்டிருக்கலாம்."

"என்ன டீ?"

"சிம்மாசனத்துக்குப் பின்னாடியிருந்து ஒரு கை வருமே அங்கிள், கிளாஸ எடுத்துட்டுப் போகுமே. அதத் துடைக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்."

"டீயா? எங்க ராஜாவா?"

"ரோபோ கூட வாட்ச் கட்டியிருக்கும். லேடீஸ் வாட்ச்."

செருப்பு கழன்றது. டி.வி. முன்னால் இருவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். "இருங்க அங்கிள், இப்ப சிரிக்காதீங்க, இதோ வருது!" என்றான் பையன், திரையைப் பார்க்காமல் அண்ணாச்சி முகத்தையே பார்த்துக்கொண்டு. கை வந்தது. கிளாஸ் போனது. அண்ணாச்சி தரையில் உருண்டு உருண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திருப்பிப் போடுங்க மாப்ளே! அதென்ன அங்கிள்? மாமான்னு கூப்பிடுங்க."

புஷ்பம் அக்கா வடபழனி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். கீர்த்தி மட்டும் கதவோரம் நின்று அந்த இரண்டு முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா... எனக்கு யோசிக்கக் கொஞ்சம் டைம் வேணும்" என்றாள்.

யார் காதில் விழுந்தது?

போகட்டும். இதைப் படிக்கையில், நீங்கள் சின்ன வயதில் பார்த்த ஏதோ ஒரு தொடர் ஞாபகம் வந்து, 'சேச்சே, அது இப்படியெல்லாம் இல்லை, அது உண்மையிலேயே நன்றாக எடுத்தது' என்று மனசு வாதாட ஆரம்பித்ததா? ஆரம்பித்துவிட்டதா? அப்படியானால் உங்கள் வீட்டில் பெண் கேட்டு வருகிறவனை அந்த முருகன்தான் காப்பாற்ற வேண்டும்.