சலாம் பாயை முந்த முடியாது

அந்தமானில், போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் சலாம் பாயை முந்திக்கொண்டு சலாம் சொன்ன ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. பஸ் ஸ்டாப் எதிரே மளிகைக்கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்பு கப்பலில் சமையல்காரர். மனிதர்களோடு நிறுத்தினாலாவது பரவாயில்லை, பஸ்ஸுக்கும் சொல்வார். டிரைவர் ஹார்ன் அடித்துப் பதில் மரியாதை செய்வார்.

நான் போர்ட் பிளேருக்குக் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்த புதிதில், தினமும் என் ஸ்கூட்டரைக் கண்டதும் கையை உயர்த்தினார். நான் ஹெல்மெட்டுக்குள் தாடையை லேசாக அசைத்து ஏற்றுக்கொள்வேன். அரசாங்க உத்தியோகம் என்றால் சும்மாவா? சென்னையில் இருந்த மனைவியிடம் ஃபோனில் பீற்றிக்கொண்டேன்.

"கடை முதலாளியே எனக்கு சலாம் போடறார், தெரியுமா?"

"உங்களுக்குப் பின்னால யாராவது வந்தாங்களான்னு பாத்தீங்களா?"

அவளும் குழந்தையும் கப்பல் ஏறும் நாள் நெருங்கியது. நானோ மூன்று பிரம்மச்சாரிகளோடு ஒரே அறையில் இருந்தேன். வீடு தேடி அலைந்தபோது ஒரு பெங்காலி வீட்டுக்காரர் "சலாமி" கேட்டார். இவருக்கு வேறு சலாம் வைக்கணுமா என்று அலுத்துக்கொண்டே ஒன்று வைத்தேன். அவர் கேட்டது அட்வான்ஸ் என்று எனக்குப் புரிவதற்குள் அந்த வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்துவிட்டார்.

கடைசியில், பாயின் கடைக்கு மேலே மாடி வீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

"காலிதான் சாப். ஆனா உங்களுக்குத் தர்றதா இல்ல."

"ஏன் பாய்?"

"வண்டியில வர்றவருதான் உக்காந்திருக்கறவனுக்கு முதல்ல சலாம் சொல்லணும். அதான் முறை. முந்திச் சொல்றவருக்கு நன்மை ஜாஸ்தி. நீங்க தினம் அதை எனக்கே விட்டுக் குடுத்துட்டுப் போறீங்க."

"என் உத்தியோகத்துக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சேன்..."

"உத்தியோகமா? நீங்க என்ன வேலைன்னே எனக்கு மாலும் இல்ல சாப்!"

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"அரபுல அதுக்கு அமைதின்னு அர்த்தம். மலேசியாவுல கை குலுக்கறது. இந்தோனேசியாவுல அது ஒரு எல, நானே கொழம்புல போட்டிருக்கேன். நம்மாளுங்கதான் அதைப் பெரிய மனுசங்களுக்குப் போடற கும்பிடா ஆக்கிட்டாங்க. ஒரே ஒரு தடவை என்னை முந்துங்க, சாவி தர்றேன்."

அன்றிலிருந்து என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. கடை திறக்குமுன் போய் நின்றேன்; மூடிய ஷட்டருக்குள்ளிருந்து சலாம் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் பதுங்கி வந்தேன்; பஸ்ஸுக்கும் எனக்கும் சேர்த்தே சொன்னார். அவர் தும்மும் நேரம் பார்த்து வாயைத் திறந்தேன். எனக்கும் தும்மல் வந்துவிட்டது.

கப்பலும் வந்துவிட்டது. மனைவி, குழந்தை, மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோவை நேரே கடைக்கு விடச் சொன்னேன். பாயின் காலில் விழுந்துவிடுவதாக உத்தேசம். பெட்டிக்கடியில் சிக்கிய காலை நான் உருவுவதற்குள் மனைவி இறங்கிவிட்டாள்.

"வணக்கம் பாய்! நல்லா இருக்கீங்களா?"

பாய் தூக்கிய கை பாதியில் நின்றது. அவர் தோற்று நான் அன்றுதான் பார்த்தேன்.

"வணக்கம்னுதான சொன்னா, செல்லுமா பாய்?" என்றேன் பயந்துகொண்டே.

"செல்லாம? நல்லா இருக்கீங்களான்னும் சேத்துக் கேட்டாங்களே! அதுதான சாப் சலாம்."

சாவியை அவளிடம் கொடுத்தார். மேலே போய்க் கதவைத் திறந்தோம். தரை கழுவிக் காய்ந்திருந்தது. குடங்களில் தண்ணீர், அடுப்படியில் அரிசி பருப்பு, குழந்தைக்குப் பால். யார் முந்தினாலும் முந்தாவிட்டாலும் வீட்டைத் தருவதாகத்தான் இருந்திருக்கிறார் மனுஷன். நான் படியிறங்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனம் வரவில்லை.