ஒரு தெருச்சந்தையைக் கொண்டுவர ஒரு தெருச்சந்தை அகற்றப்பட்ட விவரம்

வெளிநாட்டு மக்கள் புத்தம்புதிய காய்கனிகளை எவ்வாறு வாங்கி எவ்வாறு உண்கிறார்கள் என்பதை நேரில் ஆய்ந்து அறிக்கை அளிக்குமாறு, மதுரையில் உள்ள ஓர் அலுவலகம் தன் கண்காணிப்பாளர் திரு. பஞ்சாபகேசன் அவர்களைப் பத்து நாள் ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தது. அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு அங்கே இன்னும் ஒரு கையெழுத்து ஆக வேண்டியிருக்கிறது.

அவர் மனைவி நாகலக்ஷ்மி இரண்டு பெட்டி கட்டிக் கொடுத்தார். ஒன்றில் உடைகள். மற்றதில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மாவடு, தட்டை, ஒரு சின்ன குக்கர். பஞ்சாபகேசன் ஒன்பது சந்தைகளைப் பார்த்தார். ஒரு பெரியவர் பீச் பழத்தைக் கீறி ஒரு துண்டு நீட்டினாராம். இவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு, அறைக்குத் திரும்பிப் புளியோதரை சாப்பிட்டார்.

அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதன் சாரம் இது: "அயல்நாடுகளில் காய்கறிகள், விளைவித்தவராலேயே, தெருவோரத்தில், குடை நிழலில், மண் ஒட்டிய நிலையில், பேசிச் சிரித்தபடி விற்கப்படுகின்றன. இந்த அரிய முறையை நம் ஊரிலும் அறிமுகப்படுத்துவது காலத்தின் கட்டாயம்." மேலதிகாரிகள் படித்து மெய்சிலிர்த்தார்கள். திருநகர் பஸ் ஸ்டாப் அருகில் இடம் தேர்வானது.

ஒரே ஓர் இடைஞ்சல். அந்த இடத்தில் ஏற்கனவே சிலர், தாங்கள் விளைவித்ததை, தெருவோரத்தில், குடை நிழலில், மண் ஒட்டிய நிலையில், பேசிச் சிரித்தபடி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ராமக்காள் அவர்களில் ஒருவர். அரை ஏக்கரில் போட்ட கீரையை விடியுமுன் பறித்து, ஷேர் ஆட்டோவில் கொண்டுவருவார். பதினெட்டு வருஷமாக அதே வேப்பமரம், அதே கறுப்புக் குடை. அந்த இடம் போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. பக்கத்தில் உமர் பாரூக் கொய்யா விற்பார். இரண்டு பேரிடமும் நான் பழைய வாடிக்கை.

பஞ்சாபகேசன் நேரில் வந்தார்.

"அம்மா, இங்க விவசாயிகளே நேரடியா விக்கற சந்தை வரப்போறது. நீங்க எழுந்துக்கணும்."

"நான் வெவசாயிதான சார். நேராத்தான விக்கிறேன்."

"வாஸ்தவம்மா. ஆனா உங்களோடது ஆக்கிரமிப்பு. நாங்க கொண்டுவரப்போறது அனுபவம்."

உமர் பாரூக் குறுக்கே வந்தார். "சார், அந்த ஊர்க்காரக எங்க உக்காந்து விக்கிறாக?"

"தெருவிலதான்."

"அப்ப நாங்க?"

"நீங்களும் தெருவிலதான். ஆனா அது ஐரோப்பாத் தெரு."

"சரி விடுங்க. அங்க பழமெல்லாம் எப்படி சார், ருசியா இருந்துச்சா?"

பஞ்சாபகேசன் பெருமையோடு செல்போனை நீட்டினார். "நீங்களே பாருங்கோ, எப்படி பளபளன்னு இருக்கு!"

மறுநாள் எல்லாரையும் எழுப்பினார்கள். ராமக்காளின் குடையை, ஆக்கிரமிப்புக்குத் துணைநின்ற பொருள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கீரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாதிரிச் சந்தை உதயமானது. மரவண்டிகள் அவனியாபுரம் பட்டறையில் செய்யப்பட்டன. விற்பவர்களுக்கு அகலமான ஓலைத் தொப்பி. காய்கள் மொத்த மார்க்கெட்டிலிருந்து லாரியில் வந்தன. கழுவி வந்துவிட்டதால், மண் பூசுவதற்கு இரண்டு பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருடனும் இரண்டு நிமிடம் சிரித்துப் பேச வேண்டும். கொசுறு தருவது தடைசெய்யப்பட்டது. ஐரோப்பாவில் அது காணப்படவில்லை. ராமக்காளும் ஒரு வண்டி கேட்டு மனுப் போட்டார். "மனுதாரருக்குத் தெருச்சந்தையில் முன் அனுபவம் உள்ளதற்கு ஆவணம் இல்லை" என்று பதில் வந்தது.

முதல் ஞாயிறு நாங்கள் குடும்பம் குடும்பமாகப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டோம். இரண்டாவது ஞாயிறு யாரும் போகவில்லை. மூன்றாவது மாதம் தொப்பிகள் குப்பைத்தொட்டியில் கிடந்தன.

ராமக்காளும் உமர் பாரூக்கும் திருப்பரங்குன்றத்தில் ரயிலடிக்குப் போகிற சந்தில் உட்கார்ந்தார்கள். குடை இல்லாத வெயிலுக்கு ராமக்காள் குப்பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நானும் அங்கேதான் வாங்கினேன்.

ஒரு நாள் கோயில் பார்க்க வந்த வெளிநாட்டுத் தம்பதி அங்கேயே குத்தவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கொய்யாவைக் கண்ணில் நீர் வரத் தின்றார்கள். ஒரு படம் எடுத்து, தங்கள் பாஷையில் ஏதோ எழுதி இணையத்தில் போட்டார்கள். படம் எங்கெங்கோ சுற்றி எங்கள் திருநகர் வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. முகத்தை மறைக்கும் தொப்பி, ஈரக் கீரை, புரியாத எழுத்து.

"எந்த நாடோ, என்ன அழகு!" "நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்ப வரும்?" என்று நாற்பது பேர் எழுதினார்கள். நானும் எழுதினேன். அதோடு நிற்காமல், படத்தை இணைத்து அலுவலகத்துக்கும் ஒரு கோரிக்கை தட்டிவிட்டேன்.

"இதேதான்! நான் நேர்ல பார்த்தது இதேதான்!" என்று பஞ்சாபகேசன் துள்ளினார். கணினிப் பிரிவில் தேடி, படம் திருப்பரங்குன்றத்தில் எடுத்தது என்று சொன்னார்கள். அவர் அசரவில்லை. "அப்போ விமானச் செலவு மிச்சம்" என்றார்.

ஆணை பிறந்தது: "பொதுமக்களின் பெருவாரியான கோரிக்கையை ஏற்று, இணைப்பில் கண்ட படத்தில் உள்ளவாறே, அதே இடத்தில் சந்தை அமைக்கப்படும். தற்போது அங்கு இருப்பவர்கள் ஏழு நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும்."

அந்த நோட்டீஸை ராமக்காள் என்னிடம்தான் நீட்டினார். "வாசிச்சுச் சொல்லுங்க சார்." வாசித்தேன். அவமானமாக இருந்தது.

"பொதுமக்க கேட்டாகளாமுல்ல? யாரு சார் அம்புட்டுப் பேரு?"

இணைப்புப் படத்தைப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள் பையோடு ஒருவர் குனிந்து கை நீட்டிக்கொண்டிருந்தார். பை என்னுடையது.

"தெரியலையேம்மா" என்றேன். "ரெண்டு கட்டு முளைக்கீரை குடுங்க. கொசுறா கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க."

போட்டார்.