கிள்ளான் கல்யாணத்தில் போன காப்புரிமை

புவனேஸ்வரியின் வேலை போனதற்கு நான்தான் காரணம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தற்பெருமைதான் (அது இன்னும் மோசம்).

எண்பதுகளின் கடைசி. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் முனைவர் பட்டம் பெற்ற விரிவுரையாளர். புவனேஸ்வரி என்னோடு ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வாளர். அதே நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்து யாழ்ப்பாணக் குடும்பம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் உதிர்ந்த பழத்தோடு மண்ணும் சருகும் மூட்டைக்குள் போய்விடும். அதைப் பிரிக்க அரசாங்க மானியத்தில் ஒரு சல்லடை இயந்திரம் செய்தோம். உள்ளே சாய்ந்து சுழலும் வளையம் முழுக்க அவருடைய யோசனை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உரிமம் வாங்க வந்தது. தங்கள் நாட்டிலும் காப்புரிமை கிடைக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. உரிமம் கையெழுத்தானால் புவனேஸ்வரிக்கு நிரந்தர வேலை என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது.

"விண்ணப்பம் போகுமட்டும் ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ, அண்ணை," என்றார் புவனேஸ்வரி.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அந்த வாரம் கிள்ளானில் என் மைத்துனியின் கல்யாணம். முதல் நாள் மதியம், துணிக்கடை வைத்திருந்த என் மைத்துனன் சம்பந்திகளிடம் என்னை அறிமுகப்படுத்தினான்: "எங்க அத்தான் டாக்டர். ஊசி போட மாட்டாரு, மருந்து தர மாட்டாரு. சும்மா டாக்டர்லா." எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை இயந்திரத்தை லோரியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோனேன்.

சமையற்கட்டில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி ஓடவிட்டேன். தோல் ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம். கைதட்டல். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உள்ளே பாருங்க" என்று ஓடும்போதே மூடியைத் திறந்தேன். அந்நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு நுழைந்தார்கள். வெங்காயம் குண்டு மாதிரிப் பறந்து, மாப்பிள்ளையின் அப்பா நெற்றியில் திருநீற்றுக்கு நடுவே பட்டது. அவர்கள் உறவினர் ஒருவர் தமிழ்ப் பத்திரிகை நிருபர். படம் எடுத்தார்.

அடுத்த வாரம் புவனேஸ்வரி அந்தப் பத்திரிகையை என் மேசையில் விரித்தார்.

"வளையம் வடிவாத் தெரியுது, அண்ணை."

"வெளிநாட்டுல இருக்கிறவன் தமிழ்ப் பத்திரிகையா படிக்கப் போறான்?"

"படிச்சாலென்ன, படிக்காட்டிலென்ன. வெளியில வந்தது வந்ததுதானே. நான் மறைச்சுக் கையெழுத்து வைக்க மாட்டன்."

நிறுவனத்திடம் உண்மையைச் சொன்னோம். விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறிந்த பொருளுக்கு அவர்கள் நாட்டில் காப்புரிமை கிடையாது. அவர்கள் விலகினார்கள். புவனேஸ்வரியின் ஒப்பந்தம் முடிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் எடுக்கப் போனார்.

நம் நாட்டுச் சட்டம் இப்படி உளறிய கண்டுபிடிப்பாளருக்கு ஓராண்டு அவகாசம் தருகிறது. பல்கலைக்கழகத்தை இங்கே விண்ணப்பிக்க வைத்தேன். தோட்டம் தோட்டமாக அலைந்து, கிள்ளான் பக்கத்துக் காப்பார் ஊரில் ஒரு பட்டறைக்காரரை உரிமம் எடுக்கச் சம்மதிக்க வைத்தேன். எனக்கு வரவேண்டிய பங்கையும் புவனேஸ்வரிக்கே எழுதிக் கொடுத்தேன்.

"இது என்ர வளையத்துக்குக் கூலி," என்று வாங்கிக்கொண்டார். "உங்கட மன்னிப்புக்கு இல்லை."

போன நிரந்தர வேலை திரும்பவில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் நுழைந்தால் இன்றும் யாராவது, "வெங்காயத்த மூடி வைங்கலா, அத்தான் வந்துட்டாரு" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

பல வருடங்கள் கழித்துத் தம் மகளின் கல்யாணத்துக்குப் புவனேஸ்வரி தொலைபேசியில் அழைத்தார். "குடும்பத்தோட வாங்கோ, அண்ணை. மெஷினை மட்டும் கொண்டு வராதேங்கோ."

போனேன். முதல் வரிசையில் உட்காரவைத்தார், சமையற்கட்டுக்கு நன்றாகத் தள்ளி.