சம்பந்தியைக் கட்டி இழுத்த வின்ச்

விற்கத் தெரிந்தவனுக்கு வாங்கத் தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்து நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நானாகவே தெரிந்துகொண்டேன்.

மது, கதிர், இந்தக் கதையை அம்மா சொல்லியும் சித்தி சொல்லியும் கேட்டிருக்கிறீர்கள். ஈரோட்டுத் தாத்தா சொல்லும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறீர்கள். ஆனால் குற்றவாளியை யாரும் விசாரிக்கவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

காந்திபுரத்தில் மோட்டார் பம்பு விற்கும் கடையில் அப்பா எத்தனை வருடமாக நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் ஒரு விவசாயியாவது வந்து, இருப்பதிலேயே சின்ன மோட்டாரைக் காட்டி "இது போதுமுங்க" என்பார். நான் விடமாட்டேன்.

"ஏனுங்க, கெணத்து ஆழம் மட்டும் பாத்தாப் பத்தாதுங்க. பைப்பு நீளம் இருக்குது, வளைவு இருக்குது, கோடையில தண்ணி இன்னும் கீழ போகும். தேவைக்கு ஒன்றரை மடங்கு வாங்குங்க. மோட்டார்ல கஞ்சம் புடிச்சா உள்ள சுத்தியிருக்கற வைண்டிங் கம்பி கருகிப்போகுமுங்க."

(இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்பது அம்மாவின் புகார்.)

அப்போதுதான் நம்முடைய பழைய ஜீப்பை வாங்கியிருந்தேன். என் மாமனார், உங்கள் தோப்புத் தாத்தாவின் பாக்குத் தோப்புக்குப் போய் வர. ரோட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் அந்த ஓடைப் பள்ளம் ஓடுகிறது. மலையில் மழை பெய்தால் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகமாக வரும். மாதம் ஒரு முறையாவது ஜீப் அதில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்துத் தோட்டத்து மாரப்பண்ணன் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துப் போடுவார். சும்மா இழுக்க மாட்டார்.

"மாப்ளைங்க, டிராக்டரை இங்கியே நிறுத்திட்டுப் போயிரட்டுங்களா? எப்படியும் அடுத்த வாரம் வருவீங்கல்ல?"

மாமனார் ஊரில் மருமகன் தாங்கக்கூடிய பேச்சா இது? வின்ச் வாங்குவதென்று முடிவு செய்தேன். வின்ச் என்றால் வேறொன்றுமில்லை. ஜீப்பின் முன்பக்கம் பொருத்துகிற ஒரு மோட்டார், அதில் சுற்றிய இரும்புக் கயிறு, கயிற்றின் முனையில் கொக்கி. கொக்கியை எதிரில் அசையாத எதிலாவது மாட்டிவிட்டு ஒயரில் தொங்கும் சுவிட்சை அமுக்கினால், கயிறு சுருண்டு சுருண்டு ஜீப் தன்னைத்தானே சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். மாரப்பண்ணன் தேவையில்லை.

வின்ச் கடையில் இருந்தவர் சின்ன வயசுக்காரர், ரொம்பப் பொறுமை. "வெறும் வண்டி எடையைப் பாக்காதீங்க அண்ணா. ஆளு, சாமான் எல்லாம் ஏத்துன எடையைப் பாருங்க. அதுக்கு ஒன்றரை மடங்கு இழுக்கறதா எடுங்க. சேத்துல மாட்டுன வண்டி இன்னும் கனக்குமுங்க. பேட்டரில ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் போட்டுக்குங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா உடனே நிறுத்திக்கலாம்."

நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஒன்றரை மடங்கு! என் வசனத்தை என்னிடமே பேசுகிறான். (நான் சொன்னால் அது உண்மை. அவன் சொன்னால் அது வியாபாரம்.)

அவன் சொன்னதைப் பொய்யென்று நிரூபிக்க, அன்று சாயங்காலமே ஜீப்பை எடை மேடைக்கு ஓட்டிப் போனேன். ஸ்டெப்னியைக் கழற்றினேன். பின் சீட்டைக் கழற்றினேன். டூல் பாக்ஸை இறக்கினேன். காலுக்கடியில் கிடந்த ரப்பர் விரிப்பைக்கூட எடுத்துவிட்டேன். முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் விட்டுவைத்தேன். எடை மேடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, டயரையும் கழட்டறீங்களா?" என்று கேட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எடை மெஷினில் ஏறுகிற நம் பெரியம்மாவைப் பார்த்துச் சிரிப்பீர்களே, அவர் என்னைவிட யோக்கியம்.

வந்த எடைக்குச் சரியாக, ஒரு கிலோ மிச்சமில்லாமல், கடையிலேயே சின்ன வின்ச்சை வாங்கினேன். கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஸ்டெப்னியும் சீட்டும் மறுபடி வண்டிக்குள் வந்தன. டூல் பாக்ஸ் மட்டும் வீட்டுப் பரணிலேயே இருந்துவிட்டது. கனம் குறைவாக இருக்கட்டுமே என்று நானேதான் ஏற்றி வைத்தேன்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன்.

செல்விச் சித்திக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றே: "தோப்புக்குச் சரியான வழியே இல்லீங்களே." ஒரு மாப்பிள்ளையின் அம்மா பள்ளத்துச் சேற்றில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுப் போனவர், பிறகு வரவேயில்லை. மூன்றாவதாக ஈரோட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. மஞ்சள் மண்டிக் குடும்பம். சித்திக்கு மாப்பிள்ளையின் போட்டோ பிடித்திருந்தது. (அதை அவள் உங்கள் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள், அம்மா என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.) இதுவும் வழியால் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தோப்புத் தாத்தா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"வழியை நான் பாத்துக்கறனுங்க மாமா. வின்ச் இருக்குது" என்றேன்.

அவர், "மாப்ள, நீங்க ஒண்ணும் பண்ணாம நின்னாலே போதுமுங்க" என்றார்.

அவர்களுடைய கார் புத்தம் புதிது, தாழ்வான வண்டி. பள்ளத்தில் இறங்காது. அதனால் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, எல்லோரும் நம் ஜீப்பில் ஏறி அக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. முதல் நடையில் மாப்பிள்ளை சிவகுமார், அவருடைய அம்மா, அத்தை மூவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு குலுக்கல்கூட இல்லை. அக்கரையில் இறக்கிவிட்டபோது மாமாவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அப்போதுதான் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கைத்தடியோடு காரின் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சரியோ தவறோ, முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரை அழைத்துவரத் திரும்பும்போது, பள்ளத்து நடுவில், ஜீப் உட்கார்ந்தது.

அக்கரையிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "மாப்ள, மாரப்பனைக் கூப்புடட்டுங்களா?"

"வேண்டாமுங்க மாமா. ரெண்டே நிமிசமுங்க."

கொக்கியை இழுத்துக்கொண்டு இக்கரை ஏறினேன். மாட்டுவதற்கு மரம் ஒன்றும் இல்லை. ஒரு முள் புதரும், அவர்களுடைய காரும்தான் இருந்தன. காரின் ஜன்னலைத் தட்டினேன்.

"ஏனுங்க, உங்க வண்டியில இந்தக் கொக்கியைச் சித்த மாட்டிக்கட்டுங்களா?"

"மாட்டிக்குங்க தம்பி. நம்ம வண்டிதானுங்களே."

காரின் பின்னால் மாட்டினேன். ஜீப்புக்குத் திரும்பி வந்து சுவிட்சை அமுக்கினேன். கயிறு விறைத்தது. மோட்டார் முனகியது. ஜீப் அசையவில்லை. இன்னும் அமுக்கினேன். கயிறு சுருள ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் ஜீப் இருந்த இடத்திலேயே இருக்க, கயிறு மட்டும் எப்படிச் சுருள்கிறது என்று ஒரு கணம் புரியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கார் பின்பக்கமாக, பள்ளத்தை நோக்கி, மெல்ல வந்துகொண்டிருந்தது.

(சிவகுமார் ஹேண்ட்பிரேக்கைப் பாதிதான் இழுத்திருந்தார். சேற்றில் புதைந்த ஜீப்பை இழுக்க அந்த வின்ச்சுக்குச் சக்தி இல்லை. தரையில் நிற்கும் காரை உருட்ட இருந்தது.)

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். நிற்கவில்லை. சுவிட்சையே கீழே போட்டேன். அப்போதும் நிற்கவில்லை. பம்பு ஸ்டார்ட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற காண்டாக்டர் ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நான் தினம் பார்க்கிற கோளாறு, இதிலும் அதேதான். பேட்டரி ஒயரைக் கழற்றினால்தான் நிற்கும். பானெட்டைத் திறந்தேன். ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் அரை நிமிட வேலை. ஸ்பேனர் கோயம்புத்தூரில், பரணில், எடை குறைவதற்காக இருந்தது. கையால் திருகிப் பார்த்தேன். நகம்தான் பெயர்ந்தது.

ஓடினேன். கார் நம் மது தவழ்ந்த வேகத்தில்தான் வந்தது. அந்த மெதுவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சட்டென்று நடந்திருந்தால் சட்டென்று முடிந்திருக்கும். பின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. பெரியவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க தம்பி, நம்ம வண்டி நகுருதுங்களா?"

காரோடு கூடவே நடந்துகொண்டு பதில் சொன்னேன். "ஆமாங்க. கொஞ்சம் நகுருதுங்க."

"எங்கீங்க போகுது?"

"பள்ளத்துக்குங்க."

"சரிங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் எறங்கோணுங்களா?" என்றார்.

"கால் வலியோட நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுட்டு" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். மாமாவுக்குச் சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்து "குதிங்க" என்று எப்படிச் சொல்வது? கார் பள்ளத்துக்குப் போகிறது, வாய் உபசாரம் பேசுகிறது.

அக்கரையில் பார்த்தேன். மாமா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிவகுமார் ஓடி வந்தவர் பள்ளத்தில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். அவரைத் தாண்டி ஒரு பட்டுச் சேலை வந்தது. காபித் தட்டோடு நிற்க வேண்டிய செல்விச் சித்தி, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், இரண்டு கையிலும் இரண்டு கல்லோடு வந்தாள். வெளி அடுப்புக் கல். ஒரு பக்கம் கரி.

காரின் பின் டயர் கரை விளிம்புக்கு வந்துவிட்டது. அவள் குனிந்து ஒரு டயருக்கு ஒன்றாக இரண்டு கல்லையும் முட்டுக் கொடுத்தாள். கார் நின்றது. நிமிர்ந்து, ஜன்னலுக்குள் பார்த்து, "பயப்படாதீங்க மாமா, நின்னுருச்சுங்க" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், கதவைத் தொறந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கலாமல்லங்க?" என்று கேட்டாள்.

நீங்களும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்கிறீர்கள். எனக்கும் அவள் கேட்ட பிறகுதான் தோன்றியது.

எதையும் அசைக்க முடியாத வின்ச் கொஞ்ச நேரம் ஊளையிட்டது. அப்புறம் ஒரு வாசனை வந்தது. வைண்டிங் கருகுகிற வாசனை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாசனை எனக்கு நிம்மதியாக இருந்தது. மாரப்பண்ணன் டிராக்டரோடு வந்து, புகையும் வின்ச்சைப் பார்த்தார், கரை விளிம்பில் நிற்கும் காரைப் பார்த்தார், சேற்றில் குளித்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

பெரியவரை டிராக்டரில் ஏற்றித்தான் தோப்புக்குக் கொண்டுபோனோம். சித்தி அதே சேற்றுச் சேலையோடு காபி கொண்டுவந்தாள். மாமா, "வழி கொஞ்சம் சரியில்லாமப் போச்சுங்க..." என்று ஆரம்பித்தார்.

பெரியவர் காபியைக் குடித்து முடித்தார். "வழியை உடுங்க. பொண்ணு என்னை மாமான்னு கூப்ட்டுருச்சுங்க. இனி பேசறதுக்கு என்னுங்க இருக்குது? ஒரு சங்கதி மட்டும் சொல்லிப்போடறேன். கல்யாணத்துக்கு இந்தத் தம்பி பஸ்ஸுல வரட்டுங்க."

பஸ்ஸில்தான் போனேன். அம்மா உங்களோடு காரில் போனாள்.

அந்தக் கார் விற்றுப்போய், அதற்கடுத்ததும் விற்றுப்போய், ஈரோட்டில் இப்போது ஓடுவது மூன்றாவது கார். அதன் டிக்கியில் சாக்குப்பையில் சுற்றி இரண்டு கல் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கரி. போன மாதம் நம் வீட்டுக்கு வந்தார்களே, வாசல் கேட்டோரம் நம் ஜீப் நின்றது. அதில் இப்போது வின்ச்சும் இல்லை, கயிறும் இல்லை. டூல் பாக்ஸ் மட்டும் எப்போதும் இருக்கிறது. ஈரோட்டுத் தாத்தா காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சித்தியைக் கூப்பிட்டார்.

"அம்மணி, மொதல்ல கல்லை வெய்யி. பொறவு நான் எறங்கறேன்."