சிலிண்டருக்குக் கட்டிய பெல்ட்

ஏரிக்கரைக்குக் கிளம்பிய காரின் பின்பெட்டியில் கேஸ் சிலிண்டர் படுத்துக் கிடந்தது. அதன்மேல் கூடாரம், கூடாரத்தின்மேல் மாமியாரின் மடக்கு நாற்காலி. மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மாமா, இது படுக்கக் கூடாது."

"ஏன், நம்மள விட அதுக்கு உடம்பு நல்லா இருக்கா?" என்றார் மாமனார்.

"படுத்தா உள்ள இருக்கிற திரவம் வாய்ப்பக்கம் வந்துடும். நிமிர்ந்துதான் வரணும்."

மாமனார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரரைப் பெருமையோடு பார்த்தார். "கேட்டீங்களா? தீயணைப்புல இருக்கிற மாப்பிள்ளைன்னா இப்படித்தான். நம்மள மாதிரி ஏனோதானோன்னு இருக்க மாட்டாரு."

மாப்பிள்ளை தீயணைப்பு நிலையத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் மாடியில் இருந்தார். யாருக்கு எத்தனை நாள் விடுப்பு, யாருக்கு எந்த அளவு பூட்ஸ் என்று எழுதுவது அவர் வேலை. மணி அடித்தால் மற்றவர்கள் வண்டிக்கு ஓடுவார்கள். இவர் தாள் பறக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்துவார். வீட்டில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டாலே கண் தானாக மூடிக்கொள்ளும். சிலிண்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய மேசைக்கு எதிரே ஒட்டியிருந்த சுவரொட்டி சொல்லிக் கொடுத்தது.

கல்யாணப் பேச்சில், "மாப்பிள்ளைக்குத் தீயணைப்பு நிலையத்துல வேலை" என்று ஒருவர் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார். ஏணி, ஹெல்மெட், எரியும் மாடியிலிருந்து தூக்கி வந்த குழந்தை எல்லாம் மாமனார் தாமாகச் சேர்த்துக்கொண்டவை. மறுக்க மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை.

மாமனாரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நகரத்திலேயே பெரிய ஓட்டலில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். "எங்க ஓட்டல்ல வெங்காயத்த அரிஞ்சா அதுக்கு அந்தப் பக்கம் பேப்பர் படிக்கலாம், அவ்வளவு மெல்லிசு" என்பார். மருமகன் வீட்டில் சூப் குடித்தால் கண்ணை மூடி, ஒரு நிமிடம் யோசித்து, "ம்" என்பார். அந்த 'ம்'முக்காக வீடே காத்திருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தீயணைப்பு வீரன் வெறும் குமாஸ்தா என்று தெரிந்தால் அந்த முகம் எப்படிச் சுருங்கிப்போகும் என்று நினைக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை பேச்சை மாற்றிவிடுவார்.

"சொல்லிடுங்க. அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்று மனைவி காதோரம் சொன்னாள்.

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்ற?"

"அவருக்குப் புரியாட்டி வேற யாருக்குங்க புரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் கூடாரத்தை இழுக்கப் போய்விட்டாள்.

சிலிண்டரை நிமிர்த்தினார்கள். பின்பெட்டி மூடவில்லை. திறந்தபடி போனால் நாற்காலி வழியிலேயே இறங்கிவிடும். ஆகவே சிலிண்டர் காருக்குள், முன்சீட்டின் பின்னால், மாமியாரின் காலடிக்கு வந்தது.

"ஆடக் கூடாது. கட்டணும்" என்றார் மாப்பிள்ளை.

கயிறு கூடாரத்துக்கே போதவில்லை. மாமனார் சற்றும் யோசிக்காமல் இடுப்பிலிருந்த பெல்ட்டை உருவிக் கொடுத்தார். சிலிண்டர் கம்பீரமாக நின்றது. மாமனாரின் கால்சட்டைதான் நிற்கவில்லை. அவர் அதை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"சம்பந்தி வந்த மாதிரியில்ல உட்கார வச்சிருக்கீங்க" என்றார் மாமியார், முழங்காலை ஒதுக்கிக்கொண்டு.

"அத்தை, கண்ணாடிய எல்லாம் இறக்கி விடுங்க. காத்து வரணும்."

காற்று வந்தது. முதல் வளைவிலேயே மாமனாரின் தொப்பி பறந்தது. அவர் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார்.

"தொப்பி போனாப் போகுது" என்றார் மாமியார். "இப்படியே வாயத் திறந்துட்டு வந்தா அடுத்து பல்செட்டுதான்."

ஏரிக்கரையில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள் இருந்தன. மாப்பிள்ளை சிலிண்டரை வெட்டவெளியில் வைத்து, சாய்ந்துவிடாமல் அதே பெல்ட்டால் அடுப்பு வைத்த மடக்கு மேசையின் காலோடு கட்டினார். பெல்ட் திரும்பி வரும் என்று நம்பியிருந்த மாமனார் பெருமூச்சு விட்டார்.

அடுத்து ரெகுலேட்டர். மாப்பிள்ளை அதன் மரையை வலது பக்கமாகத் திருகினார். பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துத் திருகினார். சுற்றியது, பிடிக்கவில்லை.

"மாமா, நீங்க ஒரு தடவை பாருங்களேன். ஓட்டல்ல பார்க்காததா?"

"சே சே, தொழில் தெரிஞ்சவரு இருக்கும்போது நான் கை வைக்கலாமா? அது மரியாதை இல்ல" என்றார் மாமனார், இரண்டடி பின்னால் போய். "தவிர, எனக்கு ஒரு கைதான் இருக்கு."

மாப்பிள்ளைக்குச் சலித்துப்போனது. கழற்றிப் பையில் போட்டுவிடலாம் என்று எதிர்ப்பக்கமாகத் திருகினார். கழற்றப் போனது கச்சிதமாக மாட்டிக்கொண்டது.

"இடது மரை" என்றார், அப்போதுதான் தெரிந்துகொண்டதை எப்போதோ தெரிந்த குரலில்.

"பார்த்தியா?" என்றார் மாமனார் மாமியாரிடம்.

இனி கசிவுச் சோதனை. சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும் என்பது சுவரொட்டியின் கடைசி வரி. சோப்பு கொண்டுவரவில்லை. மனைவியின் ஷாம்பூ இருந்தது. கஞ்சத்தனம் கூடாது என்று மாப்பிள்ளை அரை பாட்டிலைக் குவளையில் ஊற்றிக் கலக்கி, மரைமேல் கவிழ்த்து, சிலிண்டரைத் திறந்தார்.

எங்கு பார்த்தாலும் குமிழி. மரையில் குமிழி, டியூபில் குமிழி, மேசைக் காலில், பெல்ட்டில், அவருடைய மூக்கில் குமிழி.

அவர் சட்டென்று சிலிண்டரை மூடினார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போயிடுங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

மாமனாருக்கு மெதுவாகச் சொல்ல வராது. "எல்லாரும் தள்ளிப் போங்க. தீயணைப்பு ஆபீசர் சொல்றாரு. அடுப்ப அணைங்க. பெரியவங்க முதல்ல. அம்மா, இப்படி வாங்க, பார்த்து, பார்த்து." ஒரு கையால் கால்சட்டையையும் மறுகையால் கூட்டத்தையும் பிடித்து அவர் நடத்திய அழகில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கரையில் இடம் போதாமல் பாதிப் பேர் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்.

"சார், இப்ப என்ன செய்யணும்?" என்று தண்ணீரிலிருந்து ஒருவர் கேட்டார்.

சார் என்ன செய்வார்? திரும்பி நடந்தார். துணியால் நுரையைத் துடைத்தார். இந்த முறை ஒரு சொட்டு ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து விரலால் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைத் திறந்தார். குனிந்து பார்த்தார். ஒரு குமிழி இல்லை. கசிந்தது வாயு அல்ல, ஷாம்பூதான்.

"ஒண்ணும் இல்லீங்க. சரியாயிடுச்சு" என்று கை அசைத்தார். கரை கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, தீப்பெட்டியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் மரியாதையாக வைத்தார்.

"பத்த வைங்க மாப்பிள்ளை. எல்லாரும் பார்க்கிறாங்க."

மாப்பிள்ளை குச்சியை எடுத்தார். கண் மூடிக்கொண்டது. குச்சி முறிந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் முறிந்தது. பின்னால் நின்ற ஈரக்கால் கூட்டம் எட்டிப் பார்த்தது.

"மாமா" என்றார் அவர், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நான் தீய அணைக்கிறவன் இல்ல. அணைக்கப் போறவங்களுக்கு லீவு எழுதுறவன். இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு சிலிண்டரத் தொட்டேன். தீக்குச்சின்னாலே எனக்குப் பயம். ஊரெல்லாம் சொன்னீங்க, தடுக்க மனசு வரல. மன்னிச்சுக்குங்க."

மாமனாரின் முகம் சுருங்கவில்லை. அவர் சிரித்தால் முதலில் தோள்தான் சிரிக்கும். அது லேசாகக் குலுங்கியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது. ஏனென்றால் மாப்பிள்ளை தீப்பெட்டியை அவர் கையிலேயே திருப்பி வைத்திருந்தார்.

"நீங்களே பத்த வைங்க மாமா. எவ்வளவு பெரிய அடுப்பெல்லாம் பார்த்த கை."

மாமனார் அடுப்பைப் பார்த்தார். தீப்பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் அவசரமாக ஏரியைப் பார்த்தாள்.

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். தீப்பெட்டியை வாங்கினார், ஒரே உரசலில் அடுப்பைப் பற்ற வைத்தார், டீக்குத் தண்ணீர் வைத்தார்.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க" என்றார். "உங்க மாமா அந்த ஓட்டல்ல முப்பது வருஷமும் வாசக்கதவு திறந்து விட்டவரு மாப்பிள்ளை, சமையல்கட்டுக்குள்ள அவர ஒரு நாள்கூட யாரும் விட்டதில்ல."