நாலு கை, பதினாறு துளை

சயின்ஸ் வாத்தியார் ஆசிரியர் அறையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "விளையாட்டு விழாவை வானத்திலேருந்து படம் பிடிச்சுக் காட்டறேன். ட்ரோன் நானே செய்றேன்!"

கணக்கு வாத்தியார் சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியே வந்தது. "மாசக் கடைசி சனிக்கிழமை வீட்டுக்கு வர்றேன் சார். வெறும் சட்டத்தையாவது காட்டுங்க, நம்பறேன்."

சட்டத்தின் நாலு கைக்கும் அலுமினியக் குழாய் வேண்டும். கனம் கூடாது, வளையக் கூடாது, நாலும் ஒரே நீளம். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், மனைவி துணி காயப்போடும் ஸ்டாண்ட் பால்கனியில் நிற்கிறது. நாலு குழாய். ஒரே நீளம். வாத்தியாருக்குக் கை அரித்தது.

"ஏங்க, ஸ்டாண்ட் எங்க?"

"காத்துல பறந்து போச்சும்மா."

"அவ்வளவு பெரிய ஸ்டாண்டா?"

"அப்படியே மேல எழும்பி... நானே கண்ணால பார்த்தேன்."

"அடடா" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

பொய் சொன்ன பிள்ளைகளை இருபது வருஷமாக முட்டி போட வைத்த மனிதர். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து வீடெல்லாம் ஈரத்துணி. நாற்காலி முதுகில் சட்டை, கதவு மேல் துண்டு, புத்தக அலமாரியில் அவருடைய காலுறை. ஒவ்வொன்றையும் தாண்டும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் டிரில்லிங் மெஷினைக் கீழே வைக்கவில்லை.

கனத்தைக் குறைக்கக் குழாயில் துளை போட வேண்டுமே. அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், ஒவ்வொரு குழாயிலும் சம இடைவெளியில் நாலு சிவப்புப் புள்ளி! கம்பெனிக்காரன் வைத்த குறியென்று பூரித்துப்போய், புள்ளி பிசகாமல் பதினாறு துளை போட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ட்ரோனாங்க? ஒரு கை எவ்வளவு வெயிட் தாங்கும்?"

"ரெண்டு கிலோ!"

"தண்ணி பட்டா துருப்பிடிக்குமா?"

"சேச்சே, அலுமினியம்."

"நடுவுல ஒரு கொக்கி வைங்களேன். தொங்கவிட்டா எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சிடுமே."

வாத்தியார் அசந்துபோனார். இப்படிப்பட்டவளிடமா பொய் சொன்னோம் என்று கண் கலங்கியது. சனிக்கிழமை கழியட்டும், காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்து, கொக்கியை முடுக்கினார்.

சனிக்கிழமை கணக்கு வாத்தியார் வந்தார். மேஜையில் சட்டத்தைக் காணோம்.

"பால்கனியில இருக்கு, வாங்கண்ணே" என்றாள் மனைவி.

கூரையிலிருந்து தொங்கியது சட்டம். பதினாறு துளையிலும் பதினாறு ஹேங்கர். வாத்தியாரின் பனியன்கள் முன்வரிசையில் மெதுவாகச் சுற்றி வந்தன.

"பேலன்ஸ் பிரமாதம் சார்! இடைவெளி கூட அச்சு அசலா சமமா இருக்கே. எப்படி அளந்தீங்க?"

"அது... கம்பெனி குறி சார்."

"கம்பெனியா?" மனைவி ஒரு துண்டை உதறினாள். "அது என் நெயில் பாலிஷ். துணி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஸ்டாண்டுல நான் அளந்து வச்ச புள்ளி."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது வாத்தியாருக்கு. வீடோ மூன்றாவது மாடி. பிளந்தாலும் கீழ்வீட்டுக்காரர் சமையலறையில்தான் விழுந்திருப்பார்.

கணக்கு வாத்தியார் விடுவதாயில்லை. "அதெல்லாம் சரிம்மா, இது பறக்குமா?"

"பறக்காம என்னண்ணே? ஏற்கெனவே ஒரு தடவை பறந்திருக்கு. உங்க சாரே கண்ணால பார்த்தாரு!"